தம்பி மாட்டிய டயர்

வண்டி மறுபடியும் சரிவில் மாட்டிக்கொண்டது. முன்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

“நிறுத்துங்க, நிறுத்துங்கக்கா!” வாட்ச்மேன் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தார். “சுவரு நகராது. நீங்கதான் நகரணும்.”

லாண்டரி அக்கா ரிவர்ஸ் போட்டாள். பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி வந்து நின்றிருந்தது. அதன் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முன்னே போக இடமில்லை, பின்னே போக வழியில்லை. வியர்வை காதோரம் வழிந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தரைக்குக் கீழே இருக்கும் துணிக் கிடங்குக்குப் போகிற சரிவு அது. இரண்டு பக்கமும் சுவர். இறங்கிய கையோடு ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தால் வண்டி கிடங்கு வாசலில் போய் நிற்கும். அழுக்குத் துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிப் போய், துவைத்து, தேய்த்து, மறுபடி கொண்டுவந்து இறக்குவது பல வருடமாக அவள் வேலை. எத்தனையோ டிரைவர்கள் அந்தச் சுவருக்குத் தங்கள் வண்டிப் பெயின்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் வண்டியின் பெயின்ட் ஒரு பொட்டுகூட அதில் கிடையாது. புதிதாக வருகிறவர்களிடம், “அந்தக்கா இறங்கறதைப் பார்த்துக் கத்துக்க” என்று சொன்னது இதே வாட்ச்மேன்தான்.

இப்போது அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சிலிண்டர்காரனிடம் சொன்னார். “முன்னெல்லாம் நான் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள உள்ள போயிடுவாங்க. இப்ப என்னடான்னா ஊஞ்சல் ஆடுறாங்க.”

“வயசாயிடுச்சுண்ணே. ஓட்டினது போதும்னு வீட்ல உட்கார வேண்டியதுதானே.”

அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்ன பேச்சு. விழுந்தது.

முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்து ஒருவழியாக உள்ளே போனபோது, கிடங்கு வாசலில் ஸ்டோர்ஸ் மேடம் நின்றிருந்தார். துணி கொடுப்பதும் வாங்குவதும் அவர் பொறுப்பு. அதிர்ந்து பேசாத மனுஷி. அன்றைக்கும் அதிர்ந்து பேசவில்லை.

“நேத்தும் இதே கதை, இன்னைக்கும் இதே கதை. சிலிண்டர் வண்டி வெளிய நின்னா உள்ள ஆபரேஷன் நிக்கும். இன்னொரு தடவை சரிவு அடைஞ்சா, நல்ல ஆம்பளை டிரைவரா ஒருத்தரைப் போட்டு அனுப்புங்க. இல்லன்னா நாங்க வேற லாண்டரியைப் பார்த்துக்கறோம்.”

நல்ல டிரைவர் சரி, அது என்ன ஆம்பளை டிரைவர் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. சரிவை அடைத்துக்கொண்டு நின்றவள் எந்த வாயால் கேட்பாள்? அந்த ஆஸ்பத்திரித் துணியை நம்பித்தான் லாண்டரி ஓடியது. அது போனால் மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

வண்டியின் டயரை மாற்றியதற்கு அப்புறம்தான் இந்தப் பீடை. அது அவளுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

மாற்றியது அவள் தம்பி. டயர் கடை வைத்திருந்தான். தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதுசு போடு என்று சொல்லித்தான் வண்டியை விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்த வண்டியை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. டயர் ஒவ்வொன்றும் அவள் இடுப்பைத் தொட்டது. பின்கதவில் தம்பி கடையின் பெயர் சிவப்பு எழுத்தில் பளபளத்தது.

“லெவல் பண்ணிட்டேன்க்கா” என்றான் தம்பி. “பிக்கப் வண்டியெல்லாம் கம்பெனியில இருந்து வரும்போதே முன்னாடி குனிஞ்சு, பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும். பார்க்க நல்லாவா இருக்கு? முன்னாடி ஸ்பேசர்னு ஒரு கட்டை வச்சுத் தூக்கிட்டேன். இப்ப மட்டப்பலகை வச்சாலும் ஒரே மட்டம். தூக்கினதுல இடம் கிடைச்சுது, அதான் பெரிய டயர்.”

“பின்னாடி தூக்கியிருக்கறதே லோடு ஏத்தினா சமமாகத்தானேடா? இப்ப மூட்டையை ஏத்தினா பின்னாடி உட்காரும், முன்னாடி தூக்கும். நான் என்ன, காக்கா பார்த்துக்கிட்டா ஓட்டறது?”

தம்பி சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரியச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் அக்கா அடங்கிப் போனாள். தம்பியின் மனைவி போன வருடம் போய்விட்டாள். அதே ஆஸ்பத்திரிதான், மேல் மாடி வார்டு. அதற்கப்புறம் அவன் எதையும் கேட்டதில்லை, எதற்கும் ஆசைப்பட்டதில்லை. யாரும் அவனைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. சாப்பிடாவிட்டால் கெஞ்சினார்கள். கடையைத் திறக்காவிட்டால் பார்க்காதது போல் இருந்தார்கள். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போவது மாதிரி, அவன் பக்கத்தில் எல்லோரும் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். அப்படிப்பட்டவன் ஒரு டயரைத் தட்டிக்கொடுத்துச் சிரிக்கிறான். வேண்டாம், கழற்று என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் அவள் கணவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “என்னம்மா, வண்டி ஜிம்முக்கு எதுவும் போயிட்டு வந்துதா?”

“சும்மா இருங்க. அவன் ஆசையா பண்ணியிருக்கான்.”

“ஆசை சரி. மூட்டை ஏத்த இனிமே ஏணி வைக்கணும் போலிருக்கே.”

மறுநாள் சரிவில் ஒடித்தபோது முன்சக்கரத்துக்கு உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. பெரிய டயர் உள்பக்கத் தகட்டில் உரசியது. தம்பியிடம் சொன்னாள். ஒரு தடவை வந்து அந்தச் சரிவைப் பார்த்துவிட்டுப் போடா என்றும் சொன்னாள். ஆஸ்பத்திரி என்றதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டியைக் கடைக்கு எடுத்துப் போய் அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தான். “சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே சத்தம் வராது.”

சத்தம் வரவில்லை. வண்டிதான் திரும்பவில்லை.

முதல் நாள் மாட்டிக்கொண்டபோது வேகம் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தாள். அடுத்த நாள் மெதுவாக இறங்கினாள், மாட்டிக்கொண்டாள். இடது சுவரை ஒட்டி இறங்கிப் பார்த்தாள், மாட்டிக்கொண்டாள். அன்று மதியம் தம்பி லாண்டரிக்குச் சாப்பிட வந்தான். அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“கண்ணை ஒரு தடவை காட்டிடேன்க்கா. உன் வயசுல தூரம் தப்பாத் தெரிய ஆரம்பிக்குமாம்.”

“அப்படியாடா?”

“எல்லாருக்கும் வர்றதுதானே. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து.”

அவள் குழம்பை ஊற்றினாள். மறுநாள் போய்க் கண்ணையும் காட்டினாள். கண் டாக்டர் கடைசி வரி எழுத்துவரை படிக்க வைத்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எதுக்கும்மா கண்ணாடி? நான்தான் போட்டிருக்கேன்” என்றார். அப்படியானால் கண் இல்லை, கைதான். புது டயருக்குப் பழக முடியாதபடி கையில்தான் ஏதோ போய்விட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். ரோட்டில் யாராவது பின்னால் ஹாரன் அடித்தால் உடனே ஓரம் கட்டி வழி விட்டாள். ஒருநாள் வண்டியை எடுக்கப் போனவள் சாவியைக் கணவரிடம் நீட்டிவிட்டு, “இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்களேன்” என்றாள். கணவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. இரண்டு பேரும் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்டோர்ஸ் மேடம் எச்சரித்த அன்றைக்கு அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. மூடிக் கிடந்த ஒரு குடோனுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. லாண்டரிக் கூடைகளை இறக்கி, சரிவின் அகலத்தைக் காலால் அளந்து, சுவர் மாதிரி வரிசையாக வைத்தாள். இந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் தம்பிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது அவள் முதலில் இருந்து கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

ஒடித்தாள். கூடை நசுங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி நசுங்கியது.

அப்போதுதான் ஸ்டியரிங் உறையைப் பார்த்தாள். அவள் உள்ளங்கை வைத்துத் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் உறை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. முழுசாக வலது பக்கம் ஒடித்தால் அந்தத் தேய்ந்த இடம் சுற்றிவந்து சரியாக அவள் மடிக்கு நேரே நிற்கும். இத்தனை வருடமாக அங்கேதான் நின்றது. இப்போது அது மடிக்கு வரவில்லை. பக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்னும் தள்ளினாள். டொக் என்று எதிலோ முட்டியது. வராது என்றது ஸ்டியரிங்.

இறங்கிச் சக்கரத்துக்கு உள்ளே குனிந்து பார்த்தாள். அவள் மெக்கானிக் இல்லை. ஆனால் பார்க்க மெக்கானிக் ஆக வேண்டிய அவசியமும் இல்லை. வருடக்கணக்கான மண்ணும் கிரீஸும் அப்பிய கறுப்புக்கு நடுவில், சக்கரம் திரும்பிப் போய் முட்டுகிற இடத்தில், போல்ட்டுக்கு அடியில் வாஷர்கள் அடுக்காக மின்னின. புத்தம் புதுசு. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் மின்னின.

டயர் உரசுகிற அளவுக்குச் சக்கரம் திரும்பக் கூடாது. அதனால் சக்கரம் திரும்புகிற அளவையே குறைத்துவிட்டான். சத்தத்தை இப்படித்தான் சரி பண்ணியிருக்கிறான்.

அவள் கூடைகளைக்கூட எடுக்கவில்லை.

கடையில் தம்பி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா அந்தக் காலை ஒரு உதை விட்டாள்.

“எத்தனை வாஷர்டா போட்டே?”

பலகையோடு உருண்டு வெளியே வந்தான். “எந்த வண்டிக்கு?”

“உன் டயர் உரசக் கூடாதுன்னு என் கையைக் கட்டிப் போட்டிருக்கியே, அந்த வண்டிக்கு.”

அவன் எழுந்து கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “ஓ, அதுவா. எல்லாக் கடையிலயும் பண்றதுதான்க்கா. உரசினா உள்பக்கத் தகட்டை வெட்டணும், இல்ல சக்கரம் திரும்பி முட்டற ஸ்டாப்பரைத் தள்ளி வைக்கணும். உன் வண்டியை வெட்ட மனசு வரல. கொஞ்சம்தான் குறைச்சேன். ரோட்டுல யாரு ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கப் போறா?”

“நான்டா! தினம் தினம் நான் ஒடிக்கிறேன். உனக்குத் தெரியாதா?”

அவன் கை துடைத்த துணியை மடிக்க ஆரம்பித்தான்.

“சரி, அதை விடு. மாட்டிக்கிட்டேன்னு நான் வந்து சொன்னேனே, அப்ப உனக்குக் காரணம் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே கண்ணைக் காட்டச் சொன்னே.”

“இல்லக்கா, அது...”

“என் சோத்தைத் தின்னுக்கிட்டே கண்ணைக் காட்டச் சொன்னே. குழம்பு வேற ஊத்தச் சொன்னே. நானும் ஊத்தினேன். வாட்ச்மேன் சிரிச்சான், சிலிண்டர்காரன் சிரிச்சான், நீ உள்ளுக்குள்ள சிரிச்சே. இன்னைக்குக் கூடையைச் சுவரு மாதிரி வச்சு, முதல்ல இருந்து ஓட்டிப் பழகப் போனேன். நான் ஓட்டவே லாயக்கில்லன்னு நானே நம்பிட்டேன்டா!”

“சொன்னா டயரைக் கழட்டணும். நான் எடுத்துப் போட்ட உன் வண்டி போட்டோவைப் பார்த்துட்டுத்தான் ஆளுங்க கடைக்கு வர ஆரம்பிச்சாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் கடைன்னு ஒண்ணு நடக்குது. கொஞ்ச நாள் போகட்டும்னு பார்த்தேன்.”

“உன் கடை நடக்கணும், அதுக்கு நான் குருடியா இருக்கணும்.”

“சத்தம் போடாதேக்கா. ஆளுங்க இருக்காங்க. நான் ஏற்கெனவே...”

“ஏற்கெனவே என்ன? முடி. பொண்டாட்டி செத்துட்டா பொய் சொல்லலாமா? அவ உயிரோட இருந்திருந்தா இந்நேரம் உன்னை வெளுத்து வாங்கியிருப்பா. அவ பேரைச் சொல்லித் தப்பிக்கலாம்னு பார்க்காதே.”

கடையில் இருந்த ஸ்பானர்ச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. ஒரு வருடமாக யாரும் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தவறிப் போனாள் என்றார்கள், இல்லாமல் போனாள் என்றார்கள். செத்துவிட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. அவன் முகத்தில் என்ன ஓடியது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பார்க்கிற நிலையிலும் அவள் இல்லை.

“வாஷரை இப்பவே கழட்டிடறேன்” என்றான்.

“கழட்டினா டயர் உரசும். லோடோட சரிவுல இறங்கும்போது கிழியட்டுமா? ஏறு வண்டியில.”

“எங்க?”

“ஏறுடா.”

ஆஸ்பத்திரியின் பின்வாசல் தெரிந்ததும் தம்பி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. மனைவியை வெளியே கொண்டுவந்த அன்றைக்கு அப்புறம் அவன் இந்தத் தெருவுக்கே வந்ததில்லை. மேல் மாடி ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. அவன் ஜன்னல்களைப் பார்க்காமல் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். திருப்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் மனசு சொன்னது. அந்த ஒரு நிமிடம் போய்க் கோபம் திரும்பி வந்தது.

“இறங்கிப் போகணும்னா போ. நான் பிடிச்சு வைக்கல. ஆனா நீ வரப் பயப்படுற இதே தெருவுலதான் நான் தினமும் தலை குனிஞ்சுக்கிட்டு வர்றேன்.”

தம்பி இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். “தள்ளி உட்காரு.”

சரிவில் இறங்கினான். கீழே வந்ததும் ஒடித்தான். டொக் என்றது. முன்கண்ணாடிக்கு நேரே சுவர் வந்து நின்றது. ரிவர்ஸ் எடுத்தான், முன்னே வந்தான், மறுபடி சுவர். பின்னால் சாப்பாட்டு வண்டி வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அவன் கழுத்து நனைந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “அடடே, மேடம் கேட்ட ஆம்பளை டிரைவர் இவர்தானாக்கா? இவருக்கு நீங்களே தேவலாமே.”

“கேளுங்கண்ணே, ஏன்னு அவன்கிட்டயே கேளுங்க” என்றாள் அக்கா.

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். “வண்டி திரும்பாதுண்ணே.”

“என்ன?”

“வண்டி திரும்பாது. யாரு ஓட்டினாலும் திரும்பாது. ஒடிக்கிற அளவை நான்தான் குறைச்சு வச்சிருக்கேன்.”

“நீயா? எதுக்குப்பா?”

“பெரிய டயர் போட்டேன். அது உரசிச்சு.”

வாட்ச்மேன் டயரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் தன் கைத்தடியைப் பார்த்தார். “அது தெரியாம நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேனே” என்றார். அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனசு அன்றைக்கு அவளிடம் இல்லை.

வண்டியைத் தெருவுக்கு ஏற்றி நிறுத்திவிட்டு, தம்பியை ஸ்டோர்ஸ் மேடத்தின் அறைக்குக் கூட்டிப் போனாள். அறைக்குள் அலமாரி அலமாரியாக மடித்த போர்வைகள். மேல் மாடி வார்டில் போர்த்துகிற அதே பச்சைக் கரை போட்ட வெள்ளைப் போர்வைகள். தம்பி அவற்றின் மேல் கண் படாமல் நின்றான்.

“மேடம், வண்டியில ஒரு சின்னக் கோளாறு...” என்று ஆரம்பித்தான்.

“யாரு பண்ணின கோளாறு?” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

“நான் பண்ணினது. அக்காவுக்குத் தெரியாது. அவங்க ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல. நான் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்.”

மேடம் பேனாவை மூடினார். “உங்கக்கா வந்து நின்னப்ப முகம் எப்படி இருந்துதுன்னு தெரியுமா உனக்கு? பழைய டயர் எப்ப வரும்?”

“அந்த அளவு கடையில இல்ல. வர ரெண்டு நாள் ஆகும்.”

“ரெண்டு நாள் துணி எப்படிப் போகும், எப்படி வரும்?”

“வண்டி தெருவுல நிக்கும் மேடம்” என்றாள் அக்கா. “மூட்டை நடந்து வரும். இவன்தான் கால். இன்னொண்ணு மேடம். டிரைவர் நான்தான். இன்னைக்கும் நான்தான், ரெண்டு நாள் கழிச்சும் நான்தான்.”

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். “சரி, நீங்கதான்” என்றார்.

அழுக்கு மூட்டை ஈரத்தோடு கனத்தது. தம்பி முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறினான். தெருவுக்கு வந்ததும் மூச்சு வாங்க நின்றான். வண்டியின் தளம் அவன் நெஞ்சுக்கு மேலே இருந்தது. மூட்டையை உந்தினான், அது விளிம்பில் முட்டி அவன் மேலேயே விழுந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி விழுந்தது.

“நீ என்னைத் திட்டி ரொம்ப நாளாச்சுக்கா” என்றான், மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. தூக்கு.”

அவன் தூக்கினான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பிடித்திருந்தால் மூட்டை ஏறியிருக்கும். அவள் பிடிக்கவில்லை.